இடது பக்கம் நான் இருந்தேன்

என் கணவருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். சாமான்களைத் தூக்கிப் போடமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். எதிரில் நின்று டம்ளரை நீட்டினாலும் டம்ளரை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்வார். கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. இரண்டு நாள், மிஞ்சிப் போனால் மூன்று நாள். அப்புறம் மோட்டார் ஓடவில்லை, கரண்ட் இல்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் அவராகவே பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்குப் பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

தேர்வாய் கண்டிகையில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு நெல் விளைகிற நிலம் உண்டு. சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மகள் நர்சிங் படிக்கச் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்ட பிறகு, பகல் முழுவதும் வீட்டில் நானும் ஒரு டிவியும்தான். கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனையிலேயே நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் நானும் ஏறிவிட்டேன்.

"நெலம் வெச்சிகினு கீறவன் பொண்டாட்டி கம்பெனிக்குப் போறான்னா ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்று கேட்டார்.

"இன்னா பேசுவாங்க? கம்பெனிக்குப் போறான்னு பேசுவாங்க" என்றேன்.

முகம் திரும்பிவிட்டது.

அந்தக் கோபம் தீர்வதற்குள்தான் அது நடந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்குச் செய்தி வந்து, அவர் சூப்பர்வைசரிடம் சொல்லி, சூப்பர்வைசர் என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் என் கணவர் விழுந்து கிடந்ததைப் பக்கத்து நிலத்துக்காரர் பார்த்திருக்கிறார். வாய் கோணியிருந்ததாம். இடது கையும் காலும் துணி மாதிரிக் கிடந்தனவாம். நான் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்து, அவரைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸிலேயே சென்னைக்கு அனுப்பினார்கள்.

உயிருக்குப் பயமில்லை என்று தெரிய சில நாட்கள் ஆயின. டாக்டர் என்னை ஓரமாக அழைத்து நிதானமாகத்தான் சொன்னார். மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டது. அதனால் உடம்பின் இடது பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது. "இடது பக்கம் கவனமும் கம்மியா இருக்கும்மா. பாத்துக்குங்க" என்றார்.

நான் அதை என்னுடைய வேலையாக எடுத்துக்கொண்டேன். இடது பக்கம் கவனிப்பு வேண்டும், அதை நான்தான் செய்யவேண்டும் என்று புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து கட்டிலுக்கு இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சில்லென்று கிடந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருப்பேன். நீவினால் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அவருடைய அக்கா, என் நாத்தனார், திருவள்ளூரிலிருந்து தினமும் ரயில் பிடித்து வருவார். அவருக்கு வலது பக்கம்தான் இடம் இருந்தது. என் கணவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறலாக இருந்ததே தவிர, போகவில்லை. அக்காவிடம் தண்ணீர் கேட்டார். வந்து பார்த்துவிட்டுப் போன மகள் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று அக்காவிடம் கேட்டார். நாற்று விட்டதற்குத் தண்ணீர் பாய்ச்சினார்களா என்று அக்காவிடம் கேட்டார். நான் பதில் சொன்னால், அக்கா பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஒரு மத்தியானம் அக்காவிடம் கேட்டார்: "அவ எங்கக்கா? வேலைக்குப் பூட்டாளா?"

அவருடைய கை என் மடியில் இருந்தது.

நாத்தனாருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "இதோ தானே கீறா. ஒன் கையப் புடிச்சிகினு உக்காந்துகினு கீறா, பாரு" என்றார்.

அவர் தலையைத் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் குத்தலாகக் கேட்டது. அவர் குத்தலாகப் பேசுகிற ஆள் இல்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கம்பெனிக்குப் போனதற்கு இந்தப் பேச்சு என்று நினைத்தேன். நான் வீட்டில் இருந்திருந்தால் சீக்கிரமே பார்த்திருப்பேன், தூக்கியிருப்பேன் என்று எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததால், அந்தக் குத்தல் எனக்குச் சேரவேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

சென்னையிலிருந்து அனுப்பியதும் நேராக ஊருக்குப் போகவில்லை. திருவள்ளூரில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து தினமும் ஊத்துக்கோட்டை போய் பஸ் மாறி வருவது முடியாத காரியம். எலெக்ட்ரிக் ரயில் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார் நாத்தனார். நான் வழக்கம்போல இடது பக்கம் பாய் விரித்தேன்.

அங்கே போன பிறகு நிலைமை இன்னும் மோசமானது. தட்டில் சோறு போட்டு, மீன் துண்டை இடது ஓரம் வைப்பேன், பிசைகிற கைக்கு முள் குறுக்கே வரக்கூடாது என்று. வலது பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார். மீனைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். "போதுமா?" என்றால் பதில் வராது. நாத்தனார் வந்து, "இன்னாடா பாதிய வெச்சிட்ட?" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்து அரைச் சுற்றுச் சுற்றி மறுபடியும் நீட்டுவார். உடனே மீதியையும் மீனையும் சாப்பிட்டுவிடுவார். நான் வைத்தால் பாதி, அக்கா நீட்டினால் முழுசு. சமைத்தது நான்தான் என்பது அவருக்குத் தெரியும். இதற்கு மேல் ஒரு மனுஷர் தன் மனைவிக்கு எப்படித்தான் சொல்லமுடியும்?

ஒரு சாயங்காலம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "வேலைய உட்டுட்டேங்க. இனிமே போகமாட்டேன்."

டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் அழுதேன். பக்கவாதம் வந்தால் கை போகும், கால் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கோபம் மட்டும் போகாதா என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் ஆர்.கே.பேட்டைக்காரப் பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வார்டு முழுக்கக் கேட்கிற குரல். என் கணவரை அண்ணா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிட்டார். முதலில் சில நாட்கள் கையை மடக்குவது, காலைத் தூக்குவது, கம்பியைப் பிடித்து நிற்பது என்று போயிற்று. பிறகு ஒருநாள், "புதுசா ஒன்னு வந்துகீதுண்ணா. பாக்கறீங்களா?" என்று உள்ளே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சுவரில் ஒரு டிவி. மேஜை மேல், கண்ணை முழுசாக மூடிக்கொள்கிற மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, தலையில் மாட்டுவதற்குப் பட்டையோடு.

"இன்னாமா இது, வெல்டிங்காரன் மூஞ்சில மாட்ற மாரி கீது?" என்றார் என் கணவர்.

"உள்ள பாத்தா வேற ஊரு தெரியும்ணா. நீங்க தலையத் திருப்பினா அதுவும் திரும்பும். அண்ணா உள்ள பாக்கறது வெளிய இந்த டிவில அக்காவுக்குத் தெரியும்."

நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்டைப் போட்டு, பெட்டியை மாட்டினார். முதல் நாள் ஒரு கடற்கரையைக் காட்டினார். என் கணவர் "அடேங்கப்பா" என்றார். அடுத்த நிமிஷமே வலது கையால் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கயட்டுமா, தல சுத்துது" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான். வெளியே வந்ததும், "சின்னப் பசங்க ஆட்டம். நமக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுமுறை போனபோது தோட்டம் காட்டினார். ஒரே ஒரு பெரிய ஆப்பிள் மரம். வலது கையில் ஒரு சின்னப் பிடியைக் கொடுத்து, பழத்தின் மேல் வைத்து அழுத்தினால் பறித்துவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார். இந்த முறை தலை சுற்றவில்லை. அவர் மும்முரமாகப் பறிக்க ஆரம்பித்தார். பழம் கூடையில் விழும்போது ஒரு சத்தம் வரும். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் பழம் கீதாண்ணா?"

"இல்லமா. எல்லாத்தையும் பறிச்சிட்டேன்" என்றார். குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

டிவியில் மரம் அப்படியே நின்றது. வலது பாதி மொட்டையாக இருந்தது. இடது பாதியில் கிளை தாழ்கிற அளவுக்குச் சிவப்புச் சிவப்பாகப் பழங்கள் தொங்கின. கத்தி வைத்து மரத்தை நடுவில் பிளந்த மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கம் பாருங்க, எவ்ளோ கீது" என்றேன் நான்.

அவர் தலை திரும்பியது. டிவியில் காட்சியும் திரும்பியது. வலது பக்கம், இன்னும் வலது பக்கம், மரமே இல்லாத வெறும் புல்தரைக்குப் போய் நின்றது. "இங்க ஒன்னும் இல்லியே" என்றார்.

அவர் விளையாடவில்லை. வீம்பு பிடிக்கவும் இல்லை. அவர் பார்க்கிற உலகத்தை நான் அந்த டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் இடது பக்கமிருந்து வந்தது. அவர் அதை வலது பக்கம் தேடினார்.

பயிற்சி கொடுத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, ஊட்ல சாப்பாட்ட பாதி தட்டுல வெச்சிடுவாரா?"

"ஆமா."

"இடது பாதியா?"

 தலையை ஆட்டினேன்.

"நீங்க எப்பவும் இந்தப் பக்கம்தான் உக்காருவீங்களா?"

"டாக்டர்தான் இடது பக்கம் கவனம்னு சொன்னாரு…"

"அவருக்குக் கவனம் இல்லன்னு சொல்லிகீறாருக்கா. கண்ணு நல்லாத்தான் கீது. காதும் நல்லாத்தான் கீது. ஆனா இடது பக்கம்னு ஒன்னு இருக்கிறதே மூளைக்கு இப்போ ஞாபகம் இல்ல. அந்தப் பக்கம் மீன வெச்சாலும் தெரியாது, ஆளு உக்காந்தாலும் தெரியாது. வேணும்னு செய்றது இல்ல. நீங்க எழுந்து இந்தப் பக்கம் வாங்க."

சொல்லிக்கொண்டே என் கணவர் தலையிலிருந்து பெட்டியைக் கழற்றினார். நான் எழுந்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், முகத்துக்கு நேராக.

"எப்ப வந்த?" என்றார்.

"நான் எங்கியும் போகலியே."

"பொய் சொல்லாத. வர்ற, சோறு போட்ற, பூட்ற. ஒரு நிமிசம் எங்கூட உக்கார மாட்டேன்ற. இன்னா, எம்மேல அவ்ளோ கோவமா?"

"எனக்கா கோவம்? உங்களுக்குத்தான் எம்மேல கோவம்னு நான் நெனச்சிகினு கீறேன். மூஞ்சியே குடுக்க மாட்டேன்றீங்க."

"கோவம் அன்னிக்கே பூட்ச்சி" என்றார். "கொட்டகைல விழறதுக்கு முன்னாடியே பூட்ச்சி. சாயங்காலம் வந்தா பேசலாம்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

பயிற்சி கொடுத்தவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கறுப்புப் பெட்டியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பக்கவாதம் வந்த கணவரை வீல் சேரில் தள்ளிக்கொண்டு வருகிற ஒரு பெண் சந்தோஷமாக வந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அன்று நான் அப்படித்தான் வந்தேன். கை வரவில்லை, கால் வரவில்லை, மூளையில் புதிதாக ஒரு கோளாறு வேறு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தேன். ஆனால் அவருக்கு என்மேல் வெறுப்பு இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. நாத்தனாரிடம் சொன்னபோது, "அடப்பாவி, நானும் அவன் ஒம்மேல கடுப்புலதான் கீறான்னு நெனச்சேனே! ரெண்டு பேர்த்துக்கும் நடுவுல மாட்டிகினு எவ்ளோ பேஜாரா இருந்துச்சி தெரியுமா?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு இருவரும் சிரித்தோம். அன்றிரவு தட்டை நானே சுற்றி வைத்தேன்.

"ரெண்டு நாள் வலது பக்கம் உக்காந்து ஆச தீர பேசிக்குங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். "அதுக்கப்புறம் இடது பக்கம் வந்துடணும்கா. நீங்க வலது பக்கமே உக்காந்துகினு இருந்தா அவரு மூளை இடது பக்கத்த தேடவே தேடாது. உங்களத் தேடணும்னா தேடுவாரு."

அந்த இரண்டு நாளும் நாங்கள் அப்படிப் பேசினோம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. மூன்றாம் நாள் நான் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். இந்த முறை தெரிந்து உட்கார்ந்தேன். கூப்பிடுவேன். வலது பக்கம் தேடுவார். "இங்க இல்ல, இன்னும் திரும்புங்க" என்பேன். மெதுவாகத் தலை நடுவுக்கு வரும். நடுவில் ஏதோ கயிறு கட்டியிருப்பதுபோல நிற்கும். பிறகு தாண்டி வரும். கண்கள் என்மேல் பட்டதும், "அட, இங்க கீறியா" என்பார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி.

ஆஸ்பத்திரியில் அதே வேலையை அந்தப் பெட்டி செய்தது. மரத்துக்கு இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு வரும். அந்தக் கோடு தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பவேண்டும். தெரிந்த பிறகுதான் பழம் பறிக்கலாம். நாங்கள் வீட்டில் அதைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டோம். தட்டின் இடது விளிம்பில் ஒரு காய்ந்த மிளகாயை வைத்து, "மொளகா தெரியற வரைக்கும் பாருங்க" என்பேன். முதல் நாள் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுவிட்டார். நாத்தனார் மோர் கொண்டுவர ஓடினார்.

கைக்கும் அதில் பயிற்சி இருந்தது. இடது கையை மேஜை மேல் வைத்து மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். பெட்டிக்குள் அந்தக் கை நிஜக் கை மாதிரியே தெரியும். வெளியே விரல் துளி அசைந்தால், உள்ளே முழுசாக மடங்கிப் பந்தைப் பிடிக்கும். "என் கை தானா இது?" என்று கேட்டார். அதைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான், வெளியே மேஜை மேல் கிடந்த கையையும் தன் கை என்று அவர் மதிக்கத் தொடங்கினார். அதுவரை அது கதவில் இடித்தாலும் கண்டுகொள்ளமாட்டார்.

எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. "நெல்லு அறுக்கறவன இட்டாந்து ஆப்பிள் பறிக்க வுட்டுகினு கீறீங்க" என்று ஒருநாள் பெட்டியை மாட்டவே விடவில்லை. பயிற்சி கொடுத்தவர் கொஞ்சமும் சளைக்கவில்லை. "அப்ப ரோட்டுக்குப் போலாம் வாங்கண்ணா" என்றார்.

அந்த ரோடு வேறு கதை. அதற்குள் அவர் கம்பியைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தார். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்துப் பெட்டியை மாட்டினால், உள்ளே ஒரு பெரிய ஊரின் நடைபாதை தெரியும். வண்டிகள் வரும், போகும். பார்த்துக் கடக்கவேண்டும். இரண்டு அடி வைத்ததும் பிரேக் போடுகிற சத்தம் கிறீச்சென்று கேட்டது. டிவி முழுக்க ஒரு காரின் முகம். நான் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"அக்கா, அது படம்க்கா, உக்காருங்க."

என் கணவருக்கு ஆத்திரம். "ராங் சைடுல வரான்மா அவன்! கண்ணு தெரியலயா அவனுக்கு?"

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அது வெளிநாட்டு ரோடு. அங்கே வண்டிகள் வலது ஓரமாக ஓடுகின்றன. ரோட்டோரத்தில் நிற்கிறவனுக்கு முதலில் வண்டி வருவது இடது பக்கமிருந்து. நம் ஊரில் முதலில் வலது பக்கம் பார்த்தே பழகிய மனிதர் அவர். டிராக்டர் ஓட்டியவர் வேறு.

"ராங் சைடுதான்ணா. உங்களுக்கு அதான் நல்லது. இடது பக்கத்துல இருந்து வரான், நீங்க பாத்தே ஆவணும்" என்றார் பயிற்சி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே.

அந்த ஊரின் மேல் அவருக்கு ஒரு வன்மமே வந்துவிட்டது. ஆப்பிள் மரத்துக்கு வராத ரோஷம் அந்த ரோட்டுக்கு வந்தது. எத்தனை முறை இடிபட்டாரோ, கணக்கில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், "அந்த மஞ்ச பஸ்காரன்தான் பேஜாரு. சத்தமே இல்லாம வந்துட்றான்" என்பார். அந்த மஞ்சள் பஸ் நிஜத்தில் எங்கும் இல்லை என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். நாத்தனார் காதில் விழுந்தால் திருதிருவென்று முழிப்பார்.

பிறகு ஒருநாள், அவர் நடைபாதை விளிம்பில் நின்றார். காலை எடுக்கவில்லை. டிவியில் ரோடு மெல்ல நகர்ந்தது. இடது பக்கம் போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னும் இடது பக்கம். தூரத்தில் மஞ்சள் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். பஸ் மெதுவாக முன்னால் வந்து கடந்துபோனது. மறுபடியும் ஒருமுறை இடது பக்கம் பார்த்தார். பிறகு இறங்கினார். எதிர்ப்பக்க நடைபாதையும் ஒரு கடையின் கதவும் டிவியில் பெரிதாகிக்கொண்டே வந்து நின்றன. பெட்டியைக் கழற்றியபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"பூட்டான் பாத்தியா, பஸ்காரன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான் கூப்பிடவில்லை. அவராகத்தான் திரும்பினார்.

அதற்குப் பிறகு நிஜ ரோடு. நாத்தனார் வீட்டுத் தெருமுனையில், குச்சியை ஊன்றி, நான் ஒரு அடி பின்னால் வர, ஆட்டோவும் பைக்கும் எல்லாப் பக்கமும் வருகிற நம் ரோட்டைக் கடந்தார். கடந்து முடித்ததும், "இதுக்கு அந்த ரோடே தேவல" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். களைத்துப்போன நாட்களில் இன்றும் இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். சட்டைப் பொத்தானை ஒரு கையால்தான் போட்டுக்கொள்கிறார். டிராக்டர் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உழவைப் பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் குச்சியோடு வரப்பில் நடக்கிறார். நின்று நிதானமாக இரண்டு பக்கமும் பார்க்கிறார். முன்பெல்லாம் அவ்வளவு நிதானம் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் அவராகவே கேட்டார். "கம்பெனில கேட்டியா? மறுபடியும் சேத்துக்குவாங்களா?"

"வேலைய உட்டுட்டேன்னு அன்னிக்கே சொன்னனே. நீங்க டிவி பாத்துகினு இருந்தீங்க."

"எந்தப் பக்கம் உக்காந்துகினு சொன்ன?"

நான் அவருடைய இடது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப நான் கேக்கல. நான் கேக்காத பேச்சு செல்லாது. போய்க் கேளு" என்றார்.

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"கம்பெனிக்குப் போறான்னு பேசுவாங்க" என்றார்.

கேட்டேன். ஆள் தேவைப்பட்ட சமயமாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் அவருக்குத் துணையாக இருக்க அடுத்த வீட்டு அம்மா ஒப்புக்கொண்டார். மத்தியான இடைவேளையில் கேட்டுக்கு வந்து செக்யூரிட்டியின் போனிலிருந்து கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுத்து, "நல்லாத்தான் கீறேன், போய் வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார்.

போன மாதம் கடைசியாக ஒருமுறை காட்டிவிட்டு வரத் திருவள்ளூர் போனோம். பயிற்சி கொடுத்தவர் அவரை நடக்க வைத்து, திரும்ப வைத்து, சில படங்களைக் காட்டி அதேபோல் வரையச் சொன்னார். எல்லாம் முடிந்ததும், "இனிமே நீங்க இங்க வரவேணாம்ணா. வந்தா சும்மா பாக்கத்தான் வரணும்" என்றார். என் கணவர் எங்கள் நிலத்து வேர்க்கடலை ஒரு பை கொண்டுவந்திருந்தார். அதை மேஜை மேல் வைத்துவிட்டுக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அந்த அம்மாதான் வார்டு கேட்கிற குரலில், "அவிச்சதா, வறுத்ததா?" என்று கேட்டு எங்களைக் காப்பாற்றினார்.

திரும்பும்போது ஊத்துக்கோட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இத்தனை மாதமாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் கை இடுக்கில் என் கையைக் கோத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக்குக்கும் அவரைத் தாங்கிக்கொண்டே வருவேன். அன்று ஜன்னல் காற்று முகத்தில் பட்டதுதான் எனக்குத் தெரியும். எப்போது கண் மூடியது, எவ்வளவு தூரம் தூங்கினேன், ஒன்றும் தெரியாது. கனவுகூட வரவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"ஏய், எந்திரி. ஊத்துக்கோட்ட வந்துட்ச்சி."

பையை அவரே மாட்டிக்கொண்டு எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கண்டக்டரிடம், "கொஞ்சம் நிறுத்துப்பா, எங்க ஊட்டுக்காரம்மா தூங்கிட்டாங்க, எறங்கிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.